குறிப்பில் இல்லாத வாக்கு

காஜா பெராங், மலாக்கா
11 ஜூலை 1957

அண்ணன் கலியாணசுந்தரம் அவர்களுக்கு,

தங்கை சந்திரமதி எழுதுவது. ஆறு வருடம் கழித்து எழுதுகிறாளே, நலம் விசாரிக்கத்தான் என்று நினைத்துவிட வேண்டாம். நீங்களும் அண்ணியும் நன்றாக இருப்பது தெரியும். ஊர் சின்னது, எல்லாம் காதில் விழுகிறது.

நாங்கள் குடியிருக்கும் முனிசிபல் லயத்து வரிசை வீடுகளின் சுவரில் திங்கட்கிழமை ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆகஸ்டு பதினைந்துக்குள் முப்பத்தொரு குடும்பமும் காலி செய்து, புக்கிட் காதிலில் கட்டியிருக்கும் புது லயத்துக்குப் போய்விட வேண்டுமாம். போகமாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த வீடுகளில் தண்ணீர்க் குழாய் இல்லை. இருக்கிற ஒரே கிணறு ஒரு மைல் தள்ளி. எங்கள் லயத்து ஆண்கள் விடியற்காலையில் ஊர்க் கக்கூஸ் வாளிகளைச் சுமக்கிறவர்கள். அந்த வேலை முடித்து வருகிறவன் குளிக்காமல் எப்படிச் சோற்றில் கை வைப்பான்? பிள்ளையை எப்படித் தூக்குவான்?

குடிமாற்றப் பேச்சு கிளம்பியபோதே இதைத்தான் மனுவாகக் கொடுத்தோம். எழுதியவள் நான். வேலையாட்களின் மேஸ்திரியான மண்டோர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டவர் என் வீட்டுக்காரர். ஜூலை மூன்றாம் தேதி நகரசபைக் கூட்டத்தில் மனு படிக்கப்பட்டது. மறுநாள் காலையில் உறுப்பினர் ஷரீஃபுதீன் பாய் தன் கடையைக்கூடத் திறக்காமல் நேரே இங்கே வந்தார். "கவலய விடுங்க. நான் எழுந்து கேட்டேன். பைப்புல தண்ணி வர்ற வரைக்கும் ஒருத்தரையும் கெளப்ப மாட்டோம்னு தலைவர் தொரை சபையிலயே சொல்லிட்டாரு" என்றார். பெண்களெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டோம். அவர் ஆறாம் தேதி கப்பலேறி நாகப்பட்டினம் போய்விட்டார். திரும்பி வர செப்டம்பர் ஆகும்.

எட்டாம் தேதி நோட்டீஸ். சுகாதார இன்ஸ்பெக்டரிடம் போய்க் கேட்டதற்கு, கூட்டக் குறிப்பை எடுத்துப் படித்துக் காட்டினாராம். ஒன்பதாம் பத்தியில், மனு பெறப்பட்டது, காலி செய்ய நோட்டீஸ் அனுப்புக என்று மட்டும் இருக்கிறதாம். துரை சொன்ன வாக்கு அதில் இல்லையாம்.

கூட்டக் குறிப்பு எழுதும் பெரிய கிராணி நீங்கள். அந்த வரி எங்கே அண்ணா?

சந்திரமதி


பண்டார் ஹிலிர், மலாக்கா
13 ஜூலை 1957

தங்கை சந்திரமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இனிமேல் அலுவலக விலாசத்துக்கு எழுதாதே. வருகிற தபாலையெல்லாம் தம்பிராஜா என்ற பதிவுக் கிராணி பிரித்துப் படித்த பிறகுதான் என் மேசைக்கு வரும். நல்லவேளையாக அன்று அவன் விடுப்பில் இருந்தான்.

நீ கேட்டதற்கு விதியைச் சொல்கிறேன். கூட்டக் குறிப்பு என்பது நாடகக் கதை வசனம் அல்ல. எந்த உறுப்பினர் எப்போது என்ன பேசினார் என்பதையெல்லாம் அதில் எழுதுவது வழக்கமில்லை. முடிவுகளை மட்டும் எழுதுவோம். ஒரு வாரத்துக்குள் அதைச் சைக்ளோஸ்டைல் எடுத்து எல்லா உறுப்பினருக்கும் அனுப்புவோம். அடுத்த கூட்டத்தில் தலைவர் அதைச் சரியென்று கையெழுத்திட்டால் பிறகு அதில் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. கையெழுத்துக்கு முன்னால் திருத்தம் கேட்கலாம், ஆனால் அதை உறுப்பினர்தான் கேட்க வேண்டும். கிராணிக்குச் சபையில் வாய் கிடையாது. அடுத்த கூட்டம் ஆகஸ்டு ஏழு.

ஷரீஃபுதீன் பாய் நல்ல மனிதர். நல்லவர்கள் சில சமயம் கொஞ்சம் கூட்டிச் சொல்வதும் உண்டு. குறிப்பில் இல்லாதது சபையில் சொல்லப்படவில்லை என்றுதான் பொருள். நான் எழுதக்கூடியது இவ்வளவுதான்.

கலியாணசுந்தரம்


காஜா பெராங்
18 ஜூலை 1957

அண்ணன் அவர்களுக்கு,

வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன். அண்ணி பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும், அதில் எனக்கு வெட்கமில்லை.

நேற்று உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வந்தது நான்தான் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நீளத் தாழ்வாரத்தில், துரையின் அறைக் கதவுக்கு எதிரே நின்றேன். கையில் கோப்போடு வெளியே வந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். "என்ன வேணும்மா? மனு குடுக்கணும்னா அந்தப் பக்கம் ஜன்னல்" என்றீர்கள். பக்கத்தில் நின்றவர் அந்தத் தம்பிராஜாதானா? அவர்தான் எனக்கு ஜன்னலைக் கை காட்டினார். நானும் ஜன்னலுக்குப் போய், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தேன்.

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் தமிழ்ப் பள்ளிக்குப் போனேன். என் சிலேட்டில் முதல் எழுத்தை எழுதிக் கொடுத்ததும் அந்தக் கைதான். மருதமுத்துவைக் கட்டிக்கொண்டேன் என்று என்னைத் தலைமுழுகினீர்கள். சரி, அது உங்கள் இஷ்டம். ஆனால் ஒரு தெரியாத மனுஷியிடம் பேசுவது போலப் பேசினீர்களே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

விதியெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள். நான் கேட்டது விதி இல்லை. எங்கள் லயத்து ஆண்கள் துரையைப் பார்க்கப் போனபோதும் இதே பதில்தான் வந்ததாம், "குறிப்பில் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை" என்று. எல்லாரும் உங்கள் காகிதத்தையே காட்டுகிறார்கள். ஷரீஃபுதீன் பாய் கூட்டிச் சொன்னாரா, துரை சொன்னாரா? நீங்கள் கேட்டீர்களா இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் எழுதுங்கள்.

லயத்தில் ஆண்கள் கூடிப் பேசுகிறார்கள். ஆகஸ்டு ஐந்திலிருந்து வாளி எடுப்பதில்லை என்று பேச்சு. ஊரே அடுத்த மாதம் வரும் சுதந்திரத்துக்கு, மெர்டேக்காவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் வாளி நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சந்திரமதி


பண்டார் ஹிலிர்
21 ஜூலை 1957

சந்திரா,

வேலைநிறுத்தம் மட்டும் வேண்டாம். உன் கணவரிடம் எப்படியாவது சொல்லித் தடுத்துவிடு. அவர்களில் பாதிப் பேர் தினக்கூலி. ஒரே ஒரு நாள் வராவிட்டாலும் பெயரை அடித்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். வேலை போனால் அந்தப் புது லயத்தில்கூட இடம் கிடையாது. இது மிரட்டல் இல்லை. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்யப் போவது நானே என்பதால் சொல்கிறேன்.

அலுவலகத்தில் நடந்தது பற்றி எழுத எனக்கு வரவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

உனக்கு ஒன்று தெரியாது. இங்கிருக்கும் வெள்ளைக்காரச் செயலாளர் செப்டம்பரில் சீமைக்குப் போகிறார். கீழே இருப்பவர்கள் ஒவ்வொரு படி மேலே போவார்கள். துணைச் செயலாளர் இடத்துக்குத் தலைவர் என் பெயரை எழுதியிருக்கிறார். நம்மவர் யாரும் இதுவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. இருபத்திரண்டு வருடம், சந்திரா. என் குறிப்பில் ஒரு பிழை என்று இதுவரை சபையில் யாரும் சொன்னதில்லை. என்னிடம் இருக்கிற சொத்து அது ஒன்றுதான்.

ஒரு வழி தோன்றுகிறது. எங்கள் தெருவிலிருந்து இரண்டு சடக்கு தள்ளி ஒரு சிறிய வீடு காலியாக இருக்கிறது. குழாய் உண்டு. நீ, உன் கணவர், குழந்தை மூவரும் அங்கே வந்துவிடலாம். நான் ஏற்பாடு செய்கிறேன். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

நீ ஒரே வார்த்தையில் பதில் கேட்டாய். என் சுருக்கெழுத்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் பத்திக்கும் பத்தாம் பத்திக்கும் நடுவில் காகிதம் வெறுமையாக இருக்கிறது. அதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை.

கலியாணசுந்தரம்


காஜா பெராங்
25 ஜூலை 1957

அண்ணன் அவர்களுக்கு,

குழாய் வைத்த வீடு எங்கள் மூவருக்கு மட்டும். மீதி முப்பது குடும்பத்துக்கும் எந்தச் சடக்கில் வீடு பார்த்திருக்கிறீர்கள்? அந்தக் கடிதத்தை என் வீட்டுக்காரர் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். கோபப்படவில்லை. "ஒங்க அண்ணனுக்கு பயம். பயந்தவன திட்டக்கூடாது" என்றார். எனக்குத்தான் கோபம் வந்தது.

இங்கே என் நிலைமையைக் கேளுங்கள். பெரிய கிராணி என் அண்ணன் என்பது லயத்தில் தெரிந்துவிட்டது. நான் தாழ்வாரத்தில் நின்றதைப் பார்த்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வீட்டு அஞ்சலை, என் மகள் விஜயா பிறந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள், நேற்றுத் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள். "ஒன் கூடப்பொறந்தவன்தானே எழுதாம விட்டான்? ஒனக்கு எங்கயாவது வீடு ஒதுக்கிட்டாங்களா?" என்று. வீடு தருகிறேன் என்று எழுதிய கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு குடத்தைத் தூக்கி வந்தேன்.

முன்பெல்லாம் கடிதம் எழுத, படிக்க எல்லாரும் என்னிடம் வருவார்கள். இந்த வாரம் ஒருவரும் வரவில்லை. அவர் பேச்சையும் ஆட்கள் முன்போல் கேட்பதில்லை. மண்டோர் முனிசிபல் பக்கம் சாய்ந்துவிட்டான் என்கிறார்கள். அவர் கெஞ்சிக் கேட்டு வேலைநிறுத்தத்தை ஆகஸ்டு எட்டுக்குத் தள்ளி வைத்திருக்கிறார். ஏழாம் தேதிக் கூட்டம் முடியட்டும் என்று. அதற்கு மேல் அவராலும் நிறுத்த முடியாது.

உங்கள் நோட்டில் காகிதம் வெறுமையாக இருக்கிறது என்றீர்கள். நான் காகிதத்தைக் கேட்கவில்லை. உங்கள் காதைக் கேட்கிறேன்.

சந்திரமதி


பண்டார் ஹிலிர்
2 ஆகஸ்டு 1957

அன்புள்ள சந்திரா,

எட்டு நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகச் சொல்கிறாள்.

கேட்டேன். தலைவர் சொன்னார். ஷரீஃபுதீன் பாய் ஒரு வார்த்தை கூட்டவில்லை.

என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அன்று ஒன்பதாவதாக, நோட்டீஸ் அனுப்பும் முடிவை எழுதி முடித்ததும், உங்கள் மனு வந்தது. தலைவர் மொழிபெயர்ப்பைப் படித்தார். நன்றாக எழுதப்பட்ட மனு என்று பாராட்டினார். எழுதியவள் நீ என்று எனக்கு அப்போதே தெரிந்தது. தொடக்கத்தில் கோபப்பட்டு முடிவில் கெஞ்சாமல் நிறுத்துவது உன் வழக்கம். பிறகு கையெழுத்தைப் பார்த்து, தன் இடது பக்கம் உட்கார்ந்திருந்த என்னிடம் திரும்பி, "இந்த மருதமுத்து யார், உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இருபது பேர் என்னைப் பார்த்தார்கள்.

தெரியாது என்றேன்.

அவர் சும்மாதான் கேட்டார். தெரியும் என்று சொல்லியிருந்தால், சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த காரியத்துக்குப் போயிருப்பார். உன் கல்யாணத்துக்கு வராதவன், உன் குழந்தையை ஒருமுறைகூடப் பார்க்காதவன், அங்கே மட்டும் ஏன் உண்மை பேசப்போகிறேன்? வாய் தன் பாட்டுக்குப் பொய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு எழுத ஓடவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் பாய் எழுந்து கேட்டார், தலைவர் பதில் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. மறுபடி பென்சிலை எடுத்தபோது பத்தாவது விஷயம், நாய்களுக்கான லைசென்ஸ், ஆரம்பமாகிவிட்டது. நாய் லைசென்ஸ் பற்றி ஒரு வரி விடாமல் எழுதியிருக்கிறேன்.

பிறகாவது நினைவிலிருந்து சேர்த்து எழுதியிருக்கலாம். தட்டச்சு செய்யும்போது அந்த இடத்தில் நிறுத்தினேன். அந்தப் பத்தியில் எதைத் தொட்டாலும் மருதமுத்துவின் பெயர் வருகிறது, அவர் பெயர் வந்தால் நான் சொன்ன பொய் வருகிறது. குறிப்பில் முடிவுகள் மட்டும் போதும் என்று எனக்கு நானே விதி சொல்லிக்கொண்டேன். உனக்கும் அதையே எழுதினேன்.

மற்ற உறுப்பினர் இருவரிடம் திருத்தம் கேட்கச் சொல்லி ஜாடையாகப் பேசிப் பார்த்தேன். ஒருவருக்கு நினைவில்லை. இன்னொருவர், அது ஷரீஃபுதீனின் விஷயம், அவர் வந்து கேட்கட்டும் என்றார்.

இந்தக் கடிதத்தில் என் கையெழுத்து இருக்கிறது. இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். நான் மறுக்க மாட்டேன்.

கலியாணசுந்தரம்


காஜா பெராங்
4 ஆகஸ்டு 1957

அண்ணா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தெரியாது என்ற அந்த வார்த்தைக்காகவும் இருக்கலாம், அதை நீங்கள் எனக்கு எழுதியதற்காகவும் இருக்கலாம்.

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அஞ்சலையிடமோ மற்றவர்களிடமோ காட்டவில்லை. காட்டியிருந்தால் இன்றைக்கே என் பேர் சுத்தமாகியிருக்கும். கையில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனேன் என்பது உண்மை. திரும்பி வந்துவிட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இத எடுத்துட்டுப் போயி தொரகிட்ட குடுத்தா, தங்கச்சி அண்ணன காட்டிக் குடுத்தான்னுதான் பேரு வரும். எழுதாம விட்டது அவரு. சொல்ல வேண்டியதும் அவருதான். மச்சானே சொல்லட்டும்." உங்களை மச்சான் என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஆகையால் உங்கள் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. நீங்கள் இதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஏழாம் தேதி பேசாமல் உட்கார்ந்திருந்தால், உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. துணைச் செயலாளர் ஆகிவிடலாம். எட்டாம் தேதி இவர்கள் வாளியைக் கீழே வைப்பார்கள். பதினைந்தாம் தேதி எங்கள் சாமான்கள் சடக்கில் கிடக்கும். உங்கள் மேல் ஒரு பழியும் வராது, குறிப்பு சுத்தமாக இருக்கும்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

சந்திரா


பண்டார் ஹிலிர்
7 ஆகஸ்டு 1957, மாலை

அன்புத் தங்கை சந்திராவுக்கு,

ஆட்களிடம் உடனே சொல்லச் சொல். நோட்டீஸ் ரத்து. நாளைக் காலை எப்போதும்போல வேலைக்கு வரலாம். இந்தக் கடிதத்தை அலுவலகப் பியூன் சைக்கிளில் கொண்டுவந்து தருவான். இனி உன் கடிதம் அலுவலகத்துக்கே வரலாம், தம்பிராஜா படித்தாலும் பரவாயில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கூட்டம் தொடங்கியதும் முதல் காரியமே அதுதான். "சென்ற கூட்டத்தின் குறிப்பைச் சரியென்று கையெழுத்திடலாமா?" என்று தலைவர் கேட்டார். யாரும் திருத்தம் கேட்கவில்லை. பேனா மூடியைக் கழற்றினார். நான் எழுந்து நின்றேன். தண்ணீர் வேண்டுமோ என்று நினைத்து, பியூனைப் பார்த்துக் கை காட்டினார். "ஒன்பதாம் பத்தி தவறு, ஐயா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"உறுப்பினர்தான் திருத்தம் கேட்கலாம். உட்கார்" என்றார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும். அப்போது கம்போங் செட்டியிலிருந்து வரும் உறுப்பினர், உங்களுக்குப் பக்கத்துக் குடியிருப்புக்காரர், தமிழ் தெரியாதவர், மலாயில் சொன்னார்: "இந்த ஆள் இருபது வருடமாக நம் பேச்சையெல்லாம் எழுதுகிறார். ஒரு தடவை அவர் பேச்சை நாம் கேட்டால் என்ன?" அதையே தீர்மானமாக்கினார். ஒருவர் வழிமொழிந்தார்.

தலைவர் சொன்ன வாக்கைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "ஆமாம், சொன்னேன்" என்றார். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "நீ ஏன் எழுதவில்லை?"

மறந்துவிட்டேன் என்று சொன்னால் போதும், சந்திரா. அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. மன்னித்திருப்பார்கள். ஆனால் அதுவும் பொய். மருதமுத்து யாரென்று தெரியாது என்றேன், அவர் என் தங்கையின் புருஷன், அதைச் சொல்ல வெட்கப்பட்டேன், அதனால் எழுதவில்லை என்றேன்.

திருத்தம் ஏகமனதாக ஏற்கப்பட்டது. குழாயில் தண்ணீர் வந்த பிறகே குடிமாற்றம்.

கூட்டம் முடிந்ததும் தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். துணைச் செயலாளர் இடத்துக்கு வேறு பெயர் எழுதுவதாகச் சொன்னார். "நீ எழுதாமல் விட்டதை நான் மன்னிக்கலாம். என் முகத்தைப் பார்த்துத் தெரியாது என்றாயே, நாளைக்கு வேறு எதைத் தெரியாது என்பாய்?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். வருத்தம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். நிறைய வருத்தமாக இருக்கிறது. அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை.

பிறகு என் மேசைக்கு வந்து இன்றைய குறிப்பைத் தட்டச்சு செய்தேன். முதல் பத்தியைத் தமிழில் உனக்கு எழுதுகிறேன்:

"மனுவில் கையெழுத்திட்ட மண்டோர் மருதமுத்து தன் தங்கை சந்திரமதியின் கணவர் என்றும், அதைச் சென்ற கூட்டத்தில் மறைத்ததாகவும், அக்காரணத்தால் தலைவரின் வாக்கைக் குறிப்பில் எழுதாமல் விட்டதாகவும் பெரிய கிராணி சபையில் தெரிவித்தார்."

முடிவுகளை மட்டும் எழுதுவதுதான் வழக்கம் என்று தம்பிராஜா வந்து நினைவூட்டினான். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் சொல். ஞாயிற்றுக்கிழமை அங்கே வர அனுமதி உண்டா என்று கேட்டு எழுது.

உன் அண்ணன்
கலியாணசுந்தரம்


காஜா பெராங்
9 ஆகஸ்டு 1957

அன்புள்ள அண்ணாவுக்கு,

பியூன் வந்தபோது லயத்தார் எல்லாரும் வாசலில்தான் கூடியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் உங்கள் கடிதத்தை வாங்கி என்னிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். எல்லாவற்றையுமா என்று கேட்டேன். எல்லாவற்றையும்தான் என்றார். படித்தேன். வெட்கப்பட்டேன் என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன், அவரே வாங்கித் தட்டுத் தடுமாறிப் படித்து முடித்தார். அஞ்சலை உள்ளே போய், தண்ணீர் பிடித்து வைத்திருந்த தன் குடத்தைக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். நேற்று எல்லாரும் வேலைக்குப் போனார்கள்.

ஆறு வருடக் கோபம் ஒரே நாளில் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. நாற்காலி போனதற்கு எனக்கு வருத்தமாகவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. உண்மையை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் இன்றைக்கே கோழிக்குச் சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விஜயாவுக்கு நாலு வயது நடக்கிறது. எனக்கு மாமா இல்லையா என்று கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து, மாமா சிங்கப்பூரில் இருக்கிறார், கடல் தாண்டி வர முடியவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு மைலில் இருக்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது மாமா வருகிறார் என்றதும் கப்பல் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அதை நான் திருத்தப்போவதில்லை, அண்ணா. நீங்களே வந்து, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இத்தனை நாளும் எங்கே இருந்தீர்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

தங்கை
சந்திரா